முதிய மருத்துவரும் இருநூறு பிள்ளைகளும்

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செருமனியை ஆண்ட ஹிட்லரின் நாட்சி அரசு, ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களுள் ஏறத்தாழ 60 இலட்சம் பேரைக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. யூதராகப் பிறந்ததே குற்றமாகக் கொள்ளப்பட்டது. கொல்லப்பட்டவர்களுள் குழந்தைகள் மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எண்கள் இவ்வளவு பெரியனவாகிவிட்டால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் முகங்கள் தெரிவதில்லை. ஆகவே இப்பாடம் ஒரே ஒரு மருத்துவரையும், அவர் தம் குடும்பமாகக் கொண்ட பிள்ளைகளையும் பின்தொடர்கிறது. அவர்கள் வாழ்ந்த ஊர், போலந்து நாட்டின் தலைநகரான வார்சா.

பறவையின் கல்லறை

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்த்த கானரிப் பறவை இறந்துபோயிற்று. அதனை வீட்டு முற்றத்தில் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட விரும்பினான். அவன் பார்த்த கல்லறைகளில் எல்லாம் சிலுவை இருந்தது. வேறு முறை உண்டென்பதை அவன் அறியான். வீட்டுப் பணிப்பெண், பறவைக்குச் சிலுவை கூடாது என்றாள். வாயில்காவலரின் மகனோ வேறொரு காரணம் சொன்னான்: அப்பறவை யூதப் பறவையாம், அதை வளர்த்த சிறுவனும் யூதனாம். தான் யாரென்பதை அச்சிறுவன் அறிந்துகொண்டது அன்றுதான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நிகழ்ச்சியை அவர் மறக்காமல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மித். 1870களின் இறுதியில், உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த வார்சாவில் பிறந்தார். வீட்டில் பேசியது போலிய மொழி; படித்ததும் எழுதியதும் அம்மொழியிலேயே. தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். ஆனால் அவர் மனநோயால் பாதிக்கப்பட்டு, நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்து, 1896இல் மறைந்தார். செல்வமாக இருந்த குடும்பம் வறுமையில் விழுந்தது. பள்ளி மாணவராக இருந்தபோதே ஹென்றிக், பிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயையும் தமக்கையையும் காத்தார். பாடம் சொல்லப் போன வீடுகளில் அவர் வெறும் ஏட்டுப் படிப்போடு நிற்கவில்லை. தரையில் அமர்ந்து கதை சொன்னார். பிள்ளைகள் சொன்னவற்றைக் கேட்டார். பிற்காலத்தில் உலகம் வியந்த கல்வியாளர் உருவானது அந்த வறுமையில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1898இல் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதியபோது, பழைய போலியப் புதினம் ஒன்றின் தலைவன் பெயரைத் தழுவி 'யானுஷ் கோர்ச்சாக்' என்று கையெழுத்திட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆண்டு வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்கு

1905 முதல் ஏழாண்டுகள், ஏழை யூதப் பிள்ளைகளுக்கான மருத்துவமனையில் கோர்ச்சாக் பணியாற்றினார். இடையே உருசிய-சப்பானியப் போரின்போது படைமருத்துவராகத் தொலைகிழக்கிற்கும் சென்றுவந்தார். நகரத்துச் செல்வர் வீடுகளில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. அங்கே தயங்காமல் பெருந்தொகை கேட்டு வாங்குவார். நிலவறைகளில் குடியிருந்த ஏழைகளிடம் பெயரளவுக்குச் சில காசுகள் மட்டும் பெறுவார்.

ஆனால் ஒரு கேள்வி அவரை அலைக்கழித்தது. மருந்து கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து அனுப்பிய குழந்தை, மீண்டும் அதே இருட்டறைக்கும் அதே பட்டினிக்கும் அல்லவா திரும்பிச் செல்கிறது? உடலைக் குணப்படுத்தினால் போதுமா? இக்கேள்விக்கு விடை தேடி 1912இல் அவர் மருத்துவமனைப் பணியை விட்டார். வார்சாவின் கிரோக்மல்னா தெருவில் யூத ஆதரவற்ற பிள்ளைகளுக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட 'அனாதைகள் இல்லம்' அவரைத் தலைவராக ஏற்றது. மாடியின் உச்சியில், கூரைக்குக் கீழே இருந்த சிற்றறை ஒன்றில் அவர் குடியேறினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ நூறு பிள்ளைகளே அவருடைய குடும்பம் ஆயினர்.

அக்குடும்பத்தின் தாய் என்று சொல்லத் தக்கவர் ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா. வசதியான வீட்டில் பிறந்து, பெல்சியம் நாட்டில் இயற்கை அறிவியல் பயின்றவர். கோர்ச்சாக் எழுதினார், பேசினார், புகழ் பெற்றார். அவருக்கு முன்பே எழுந்து, பிள்ளைகளின் உணவு, உடை, படுக்கை, பள்ளி அனைத்தையும் கவனித்து இல்லத்தை நடத்தியவர் ஸ்டெபானியா. முதல் உலகப் போரில் கோர்ச்சாக் மீண்டும் படைமருத்துவராகச் செல்ல நேர்ந்த ஆண்டுகளில் இல்லம் முழுவதும் அவர் தோளிலேயே நின்றது. அவரைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு என்பது வருந்தத்தக்கது. பிள்ளைகள் அவரைப் 'பானி ஸ்டெபா' என்றும், மருத்துவரைப் 'பான் டாக்டர்' என்றும் அழைத்தனர். பான், பானி என்பன போலிய மொழியில் 'ஐயா', 'அம்மையார்' என்பன போன்ற மதிப்புச் சொற்கள்.

1920இல் தொற்றுக்காய்ச்சல் கண்டு கோர்ச்சாக் படுத்தார். அருகிருந்து பேணிய தாய்க்கும் அந்நோய் தொற்றியது. மகன் பிழைத்தார், தாய் மறைந்தார். தம்மால்தான் தாய் இறந்தார் என்னும் எண்ணம் அவரை நெடுநாள் வாட்டியது.

பிள்ளைகளின் நீதிமன்றம்

கிரோக்மல்னா தெரு இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐவரும் பிள்ளைகளே. அந்த வாரத்தில் எந்த வழக்கிலும் சிக்காதவர்களுள் திருவுளச்சீட்டு மூலம் அவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். ஒருவன் மற்றொருவன் பந்தை எடுத்துக்கொண்டாலும், பட்டப்பெயர் சொல்லி அழைத்தாலும், பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் கடுமையாக நடந்துகொண்டாலும் அது வழக்கு. அறிவிப்புப் பலகையில் பெயரை எழுதினால் போதும். விசாரணை நடந்தே தீரும்.

அந்நீதிமன்றத்திற்கெனக் கோர்ச்சாக் ஒரு சட்டநூல் எழுதினார். அதன் முதல் 99 விதிகளும் ஏதேனும் ஒரு வகையில் மன்னிப்பவை. தெரியாமல் செய்தான், முதன்முறையாகச் செய்தான், செய்துவிட்டு வருந்துகிறான், இவ்வாறு மன்னிப்பதற்கான காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதன்பின் 100, 200 என்று நூறு நூறாக விதிகள் கடுமையாகும். இறுதியானது 1000ஆம் விதி: இல்லத்திலிருந்து வெளியேற்றம். அவ்விதியின்படி வெளியேறியவரும் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் சேர விண்ணப்பிக்கலாம்.

மருத்துவரே ஆறு மாதங்களில் ஐந்து முறை தம்மீது தாமே வழக்குத் தொடுத்துக்கொண்டார். ஒரு சிறுவனைக் காதில் அடித்தது ஒரு வழக்கு. சான்று இல்லாமல் ஒரு சிறுமியைத் திருடி என ஐயுற்றது மற்றொன்று. ஒரு நீதிபதியை அவமதித்ததும் அப்பட்டியலில் உண்டு. தீர்ப்பு வழங்கிய சிறுவர்கள் அவரை மன்னித்தார்கள். இதை வேடிக்கை என எண்ணிச் சிரித்தவர்களும் அந்நாளில் இருந்தனர். கோர்ச்சாக்கிற்கு அது வேடிக்கை அன்று. பெரியவரும் சிறியவரும் ஒரே சட்டத்திற்கு உட்பட்டவர்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணவேண்டும் என்றே அவர் விரும்பினார்.

நீதிமன்றம் மட்டுமன்று. பிள்ளைகளின் பேரவை ஒன்றும் இருந்தது. காணாமற்போன பொருள்களுக்கென ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. ஒற்றைக் கையுறையும் உடைந்த பொத்தானும் அங்கே உரிமையாளரை எதிர்நோக்கிக் காத்திருக்கும். விழுந்த பால்பற்களை மருத்துவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். சண்டை போடுவதை விட முடியாதவர்களுடன் பந்தயம் கட்டுவார்: இந்த வாரம் ஏழு சண்டைக்கு மேல் போகாதிருந்தால் மிட்டாய். ஒரேயடியாக விட்டுவிடு என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

1923 வாக்கில் வெளிவந்த 'முதலாம் மாச்சுஷ் அரசன்' என்னும் அவருடைய சிறுவர் புதினம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தந்தையை இழந்து அரியணை ஏறும் சிறுவன் ஒருவன் பிள்ளைகளுக்கென ஒரு நாடாளுமன்றம் அமைக்கிறான். பெரியவர்கள் பள்ளிக்கும் பிள்ளைகள் வேலைக்கும் செல்லுமாறு உலகமே தலைகீழாகிறது. முடிவில் அவன் தோற்றுத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். பிள்ளைகளுக்கான கதையில் தோல்வி வரலாமா என்று கேட்பவர்க்கு, தோல்வியையும் பிள்ளைகளிடம் மறைக்காதவர் கோர்ச்சாக் என்பதே விடை. 1926இல் பிள்ளைகளே எழுதும் வார இதழ் ஒன்றையும் அவர் தொடங்கினார். நாடெங்கும் இருந்து சிறுவர் சிறுமியர் அதற்கு எழுதினர். 1939 செப்டம்பர் 1ஆம் நாள் வரை அது வெளிவந்தது. அன்றுதான் செருமானியப் படை போலந்தினுள் புகுந்தது.

வானொலியில் ஒலித்த குரல்

1934 முதல் போலந்து வானொலியில் 'முதிய மருத்துவர்' என்ற பெயரில் ஒருவர் பேசிவந்தார். பிள்ளைகளும் பெற்றோரும் விரும்பிக் கேட்டனர். அவர் யாரென்று நிகழ்ச்சியில் சொல்லப்படவில்லை. யூதர் ஒருவர் போலியப் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதா என்று எதிர்ப்பு எழக்கூடும் என அஞ்சியே நிலையத்தார் பெயரை மறைத்தனர். நாட்டில் யூத வெறுப்பு வளர்ந்துவந்த காலம் அது. 1936இல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. போலந்தைத் தம் தாய்நாடாகவும் போலிய மொழியைத் தம் தாய்மொழியாகவும் கொண்ட ஒருவர்க்கு அவ்வெறுப்பு எத்தகைய புண்ணாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அக்காலத்தில் அவர் இருமுறை பாலஸ்தீனம் சென்றார். அங்கேயே குடியேறிவிடலாமா எனவும் நினைத்தார். பிள்ளைகளை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. ஸ்டெபானியாவும் பாலஸ்தீனத்தின் கூட்டுப்பண்ணை ஒன்றில் தங்கியிருந்தார். பாதுகாப்பான இடம் அது. ஆயினும் 1939இல், போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அவர் வார்சாவுக்கே திரும்பிவிட்டார்.

சுவருக்குள்ளே

1939 செப்டம்பர் இறுதியில் வார்சா வீழ்ந்தது. அடுத்தடுத்து ஆணைகள் வந்தன. யூதர்கள் தாவீதின் விண்மீன் பொறித்த கைப்பட்டை அணியவேண்டும், வங்கியிலுள்ள தம் பணத்தை விரும்பியவாறு எடுக்கக்கூடாது, பூங்காவிற்குள் செல்லக்கூடாது. கோர்ச்சாக் கைப்பட்டையை அணிய மறுத்தார். பழைய போலியப் படை உடையை அணிந்துகொண்டு தெருவில் நடந்தார்.

1940 நவம்பரில் நகரின் ஒரு பகுதி செங்கற்சுவரால் அடைக்கப்பட்டது. கெட்டோ என்று அழைக்கப்பட்ட அந்த அடைப்புக்குள் யூதர் அனைவரும் சென்றாக வேண்டும். நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், நகரப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கிற்கும் குறைவான இடத்தில் திணிக்கப்பட்டனர். கிரோக்மல்னா தெரு சுவருக்கு வெளியே இருந்தது. ஆகவே இல்லமும் இடம்பெயர வேண்டியதாயிற்று.

அந்த இடப்பெயர்ச்சியின்போது, பிள்ளைகளுக்கென ஏற்றிவந்த உருளைக்கிழங்கு வண்டி ஒன்றைக் காவலர் பறித்துக்கொண்டனர். மருத்துவர் நேரே செருமானிய அலுவலகத்திற்குச் சென்று கிழங்கைத் திருப்பிக் கேட்டார். எதிரே நின்ற முதியவர் கைப்பட்டை அணியவில்லை என்பதைக் கண்ட அலுவலர்கள் அவரைச் சிறையில் அடைத்தனர். அவரிடம் வளர்ந்து ஆளான பழைய மாணவர்கள் பணம் திரட்டி, சில வாரங்களுக்குப் பின் அவரை மீட்டனர். திரும்பி வந்தபோது உடல் தளர்ந்திருந்தது, கால்கள் வீங்கியிருந்தன.

1941இல் அடைப்பு மேலும் சுருக்கப்பட்டதால் இல்லம் மீண்டும் இடம்பெயர்ந்தது. இம்முறை கிடைத்தது ஒரு பெரிய கூடம். பகலில் அதுவே உணவறையும் வகுப்பறையும். இரவில் அதுவே படுக்கையறை. பிள்ளைகளின் எண்ணிக்கை இருநூறை நெருங்கியது. நாள்தோறும் மருத்துவர் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். வசதி படைத்தவர் வீட்டுக் கதவுகளைத் தட்டுவார், இரப்பார், சில வேளைகளில் சண்டையிடுவார். மாலையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோ சிறிது மாவோ வரும். வாரந்தோறும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எடை பார்த்துக் குறித்துவைத்தார். வளரும் பிள்ளையின் எடை ஏறுவதைக் காண்பது மருத்துவர்க்கு மகிழ்ச்சி தரும் வேலை. அதே தராசில் எடை இறங்குவதைக் காண்பது வேறு.

அப்போதும் நீதிமன்றம் நடந்தது. பாடங்கள் நடந்தன. தெருக்களில் பட்டினியால் மடிந்தோர் உடல்கள் கிடந்த ஊரில், இல்லத்துப் பிள்ளைகள் முறைவைத்துத் தரையைப் பெருக்கினர், பாட்டுப் பயின்றனர். அடைப்பினுள் மற்றொரு காப்பகத்தில் ஆயிரம் பிள்ளைகள் பட்டினியாலும் நோயாலும் இறந்துகொண்டிருப்பதை அறிந்து, 1942 தொடக்கத்தில் அங்கும் பணியாற்ற இடம் கேட்டு விண்ணப்பம் எழுதினார் அவர்.

சுவருக்கு வெளியே இருந்த போலிய நண்பர்கள் அவரை மீட்க முயன்றனர். முன்னர் அவருக்குச் செயலராக இருந்த இகோர் நெவர்லி, போலி அடையாள அட்டைக்கும் மறைந்து வாழ்வதற்கு ஓர் இடத்திற்கும் ஏற்பாடு செய்தார். அது ஒருவர் தப்புவதற்கான வழி. இருநூறு பேர் தப்புவதற்கான வழி அன்று. மருத்துவர் மறுத்துவிட்டார்.

அமலின் சன்னல்

1942 சூலை 18. இல்லத்தில் ஒரு நாடகம் நடந்தது. நடித்தவர்கள் பிள்ளைகள், பயிற்றுவித்தவர் எஸ்டெர்கா வினோக்ரோன் என்னும் இளம்பெண். கோர்ச்சாக் தெரிவு செய்த அந்நாடகம், நம் நாட்டு இரவீந்திரநாத் தாகூர் வங்க மொழியில் எழுதிய 'டாக் கர்', அதாவது 'அஞ்சல் நிலையம்'.

அமல் என்னும் சிறுவனுக்கு நோய். வெளிக்காற்றுப் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால் அவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். சன்னலோரம் அமர்ந்து, தெருவில் செல்லும் தயிர்க்காரரோடும் காவற்காரரோடும் பூப்பறிக்கும் சிறுமியோடும் பேசுகிறான். அவர்கள் பார்க்கும் மலையையும் ஆற்றையும் தானும் காண ஏங்குகிறான். எதிரே அரசரின் அஞ்சல் நிலையம் திறக்கப்படுகிறது. தனக்கும் ஒருநாள் அரசரிடமிருந்து மடல் வரும் என நம்பிக் காத்திருக்கிறான். முடிவில் அரசரின் மருத்துவர் வருகிறார். கதவுகளையும் சன்னல்களையும் முழுவதும் திறக்கச் சொல்கிறார். அமல் உறங்கிவிடுகிறான்.

சுவரால் அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, அடைபட்ட அமலின் ஏக்கத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்நாடகத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று வினவியபோது, இறப்பை அமைதியாக எதிர்கொள்ளப் பிள்ளைகள் கற்கவேண்டும் என மருத்துவர் விடையளித்ததாகக் கூறுவர். தாகூர் அதற்கு ஏறத்தாழ ஓராண்டிற்கு முன்பே, 1941 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். தம் அமல் வார்சாவில், பசித்த பிள்ளைகளின் குரலில் பேசியதை அவர் அறியவில்லை.

ஆகஸ்டு 5

நாடகம் நடந்த நான்காம் நாள், சூலை 22இல், அடைப்புக்குள் இருந்தவர்களைக் கிழக்கே 'குடியமர்த்தும்' பணி தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. சொல் குடியமர்த்தல், பொருள் கொலை. சரக்குத் தொடர்வண்டிகள் மக்களை ஏற்றிக்கொண்டு, வார்சாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திரெப்ளிங்கா என்னும் இடத்திற்குச் சென்றன. அங்கே இருந்தவை நச்சுவாயு அறைகள். இரண்டு மாதங்களுக்குள் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அடைப்பின் யூத அவைத் தலைவராக இருந்த ஆடம் செர்னியாக்குவ், ஆதரவற்ற பிள்ளைகளையேனும் விட்டுவிடுமாறு மன்றாடினார். பயனில்லை. மறுநாளே அவர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்.

ஆகஸ்டு 4ஆம் நாள் மருத்துவர் தம் நாட்குறிப்பில் இறுதியாக எழுதினார். சன்னலில் இருந்த செடிகளுக்கு நீர் ஊற்றியதையும், தொலைவில் துப்பாக்கியோடு நின்று தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு படைவீரனையும் குறிப்பிடுகிறார். போருக்கு முன் அவன் ஊரில் என்ன தொழில் செய்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கிறார். வெறுப்புச் சொல் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை, உணவு வேளையில், வெளியே வருமாறு ஆணை ஒலித்தது. பிள்ளைகள் தூய உடை அணிந்தனர், வரிசையில் நின்றனர். ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள், பணியாளர் பத்துப்பேர் அளவில். முன்னே மருத்துவர், மற்றொரு குழுவோடு ஸ்டெபானியா. மாச்சுஷ் அரசனின் பச்சைக் கொடியைப் பிள்ளைகள் பிடித்துச் சென்றனர் என்பர். அந்த ஊர்வலத்தைக் கண்டவர் பலர் அதுபற்றி எழுதினர். சிறு செய்திகளில் அவர்கள் வேறுபடுகின்றனர்: மருத்துவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் சென்றார் என்பார் ஒருவர், இருவரைக் கைப்பிடித்துச் சென்றார் என்பார் மற்றொருவர். ஆனால் பிள்ளைகள் சிதறி ஓடவில்லை, அலறவில்லை, மருத்துவர் அவர்களோடு சென்றார் என்பதில் வேறுபாடு இல்லை. கோடை வெயிலில் சில கிலோமீட்டர் நடந்து, தொடர்வண்டி ஏற்றும் திடலை அடைந்தனர். அவர்களுள் எவரும் திரும்பவில்லை.

எஞ்சியவை

நாட்குறிப்பு தப்பியது. அது அடைப்பிலிருந்து வெளியே கடத்தப்பட்டு, ஒரு கட்டடத்தின் சுவருக்குள் மறைத்துவைக்கப்பட்டது. போருக்குப் பின் எடுக்கப்பட்டு 1958இல் அச்சாயிற்று. கிரோக்மல்னா தெரு இல்லமும் போரில் சிதைந்து, பின் சீர்செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. போருக்கு முன் அங்கே வளர்ந்து பிற நாடுகளில் குடியேறியவர்கள், தங்கள் நீதிமன்றத்தையும் பால்பல் விற்ற காசையும் முதுமையிலும் பேசிவந்தனர்.

குழந்தை என்பது நாளைக்கு மனிதராகப்போகும் ஒன்று அன்று, இன்றே முழு மனிதர். அதற்கு மதிக்கப்படும் உரிமை உண்டு என்று கோர்ச்சாக் 1929இல் எழுதினார். 1978இல் குழந்தை உரிமைகளுக்கென ஓர் உலக உடன்படிக்கை வேண்டுமென ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989 நவம்பர் 20இல் அது நிறைவேறியது. 1992இல் இந்தியா அதை ஏற்றது.

திரெப்ளிங்காவில் இன்று ஏறத்தாழ 17,000 கற்கள் நடப்பட்டுள்ளன. கரடுமுரடான, உயரம் ஒவ்வாத கற்கள். பல கற்களில் அழிந்துபோன யூதக் குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்கள் உள்ளன. தனி மனிதர் பெயர் தாங்கிய கல் ஒன்றே ஒன்று. அதில் மருத்துவரின் இரு பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை அடுத்து, 'பிள்ளைகளும்' என்று இருக்கிறது.

தெரிந்துகொள்க

அதே 1942ஆம் ஆண்டு, போரால் வீடிழந்து சோவியத் நாட்டில் தவித்த போலந்துச் சிறுவர் சிறுமியர் பலர் இந்தியாவிற்கு வந்துசேர்ந்தனர். குசராத்தில் ஜாம்நகருக்கு அருகிலுள்ள பாலாசடியில் அவர்களுக்கென ஒரு முகாம் அமைத்து ஆதரித்தவர், நவாநகர் அரசர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங். போர் முடியும்வரை அவர்கள் அங்கே தங்கிப் படித்தனர்.

அருஞ்சொற்பொருள்

திருவுளச்சீட்டு – குலுக்கிப் போட்டு எடுக்கும் சீட்டு
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
இரத்தல் – பிறரிடம் கேட்டுப் பெறுதல்
மன்றாடுதல் – பணிந்து வேண்டுதல்
நிலவறை – தரைமட்டத்திற்குக் கீழுள்ள அறை
மடல் – கடிதம்

பயிற்சி

1. கோர்ச்சாக் மருத்துவமனைப் பணியை விட்டதற்குக் காரணம் யாது?

2. 'அது ஒருவர் தப்புவதற்கான வழி. இருநூறு பேர் தப்புவதற்கான வழி அன்று.' இத்தொடர் எந்த நிகழ்ச்சியைக் குறிக்கிறது? இடம் சுட்டி விளக்குக.

3. 'சொல் குடியமர்த்தல், பொருள் கொலை.' கொடுஞ்செயலை மென்மையான சொல்லால் மறைப்பது ஏன்? நீங்கள் செய்தித்தாளில் படித்த அத்தகைய சொல் வேறு உண்டா? வகுப்பில் கலந்துரையாடுக.

4. அன்று, அல்ல என்னும் சொற்களை ஒருமை பன்மை அறிந்து நிரப்புக: அது வேடிக்கை ____. அவை வேடிக்கைகள் ____.

5. நீங்கள் கிரோக்மல்னா தெரு இல்லத்தின் நீதிபதிகளுள் ஒருவர். சான்று இல்லாமல் ஒரு சிறுமியைத் திருடி என ஐயுற்ற மருத்துவர் உங்கள் முன் நிற்கிறார். அவரையும் அச்சிறுமியையும் விசாரித்து, உங்கள் தீர்ப்பைப் பத்து வரிகளில் எழுதுக.

6. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட நேர்ந்த நாளில் கையோடு எடுத்துவந்த பொருள் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து எழுதுக. அவர்கள் சொன்ன வட்டாரச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதலாம்.